ஆமைகள் மறைந்த தீவில் ஒரு பூஞ்செடி

இந்துமாக்கடலின் படத்தை விரித்து வைத்து, மடகாஸ்கர் என்னும் பெருந்தீவுக்குக் கிழக்கே பார்வையைச் செலுத்தினால், கடலின் நடுவே மூன்று புள்ளிகள் தென்படும். ரெயூனியன், மொரீசியஸ், ரொட்ரீகஸ் என்பன அவற்றின் பெயர்கள். அவற்றுள் மொரீசியஸைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக நம்மவர் பலர் கப்பலேறிச் சென்ற தீவு அது. அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் ரொட்ரீகஸ் வரும். அதன் பரப்பு 108 சதுரக் கிலோமீட்டரே. மிக உயர்ந்த குன்றும் 400 மீட்டரை எட்டாது. தீக்குழம்பு இறுகி எழுந்த பாறைத் தீவு அது. சுற்றிலும் பவளப் பாறை அரண்போல் அமைந்திருக்கிறது.

இச்சிறு தீவில் மட்டுமே தோன்றி, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு பூஞ்செடியின் வரலாற்றை இன்று சொல்லப் புகுந்தேன். தாவர நூலார் அதனை ராமோஸ்மானியா ரொட்ரிகேசியி என்பர். தீவு மக்கள் வழங்கும் பெயரோ கஃபே மரோன் என்பது. 'கஃபே' காப்பியைக் குறிக்கும். 'மரோன்' என்னும் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பண்ணைகளிலிருந்து தப்பி மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்த அடிமைகளைப் பிரெஞ்சுக்காரர் அச்சொல்லால் குறித்தனர். மனிதன் கைக்கு அகப்படாமல் காட்டில் வாழும் விலங்குக்கும் செடிக்கும் அதே சொல் வழங்கிற்று. ஆகவே நம் மொழியில் அதனைக் காட்டுக் காப்பி என்னலாம். 'தப்பியோடிய காப்பி' என்றாலும் பொருந்தும். அது எத்தனை இடர்களிலிருந்து தப்பியது என்பதை இனிக் காண்போம்.

பெயரில் காப்பி இருப்பினும், இதன் கொட்டையை வறுத்துப் பருகுவார் எவரும் இலர். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே உறவு. நம் நாட்டு வெட்சியும் நுணாவும் மருக்காரையும் அக்குடும்பத்தினவே. ஆள் உயரமும் அதற்குச் சற்று மேலும் வளரும் புதர் அது. அதன் பூ வெண்ணிறமானது. ஐந்து இதழ்களும் விரிந்து நிற்கையில் விண்மீன் போலத் தோன்றும்.

செடியின் கதையைத் தொடங்குமுன் தீவின் கதையைச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேய மாலுமி தியோகோ ரொட்ரீகஸ் என்பார் 1528 ஆம் ஆண்டில் இத்தீவைக் கண்டார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அவ்வழியே சென்ற கப்பல்கள் எப்போதேனும் கரையை அணுகினவேயன்றி, எவரும் குடியேறினாரல்லர்.

முதலில் குடியேறியவர்கள் அகதிகள். பிரான்ஸ் நாட்டில் புராட்டஸ்டண்டு சமயத்தாருக்கு அளிக்கப்பட்டிருந்த உரிமைகளைப் பதினான்காம் லூயி மன்னன் 1685 ஆம் ஆண்டில் பறித்தான். வீடு வாசல் துறந்து ஹாலந்துக்கு ஓடியவர்களுள் ஒருவர் பிரான்சுவா லெகா. ஐம்பது வயதைத் தாண்டிய அவர், புதிய நாடு ஒன்றில் வாழ்வைத் தொடங்கும் நோக்குடன் சிறு கப்பல் ஒன்றில் ஏறி, 1691 ஆம் ஆண்டில் தோழர் எழுவருடன் ரொட்ரீகஸில் இறங்கினார். ஈராண்டுகள் அங்கு வாழ்ந்தனர். உணவுக்குக் குறைவில்லை, நோயில்லை, அதிகாரம் செய்வார் இல்லை. எனினும் இளைஞர்கள் மணவாழ்வை நாடினர். அவர்களே ஒரு படகைக் கட்டினர். 1693 ஆம் ஆண்டில் அதில் ஏறி மொரீசியஸை அடைந்தனர். அங்கிருந்த டச்சு ஆளுநர் அவர்களைச் சிறைப்படுத்தியது வேறு கதை.

லெகா ஐரோப்பா திரும்பியபின் எழுதிய பயண நூல், அத்தீவின் பழைய நிலையை நமக்குக் காட்டும் அரிய சான்றாகும். மலை உச்சி முதல் கடற்கரை வரை மரங்கள் அடர்ந்திருந்தன. பறக்கவியலாத ஒரு பெரும் பறவை காட்டில் உலவியது. பெரும்பாலும் தனித்தே காணப்பட்டமையால் அவர் அதனைச் 'சொலித்தேர்', அஃதாவது 'தனியன்', என்று அழைத்தார். மொரீசியஸில் வாழ்ந்து மறைந்த டோடோவுக்கு உறவான பறவை அது. அனைத்தினும் வியப்புக்குரியவை நிலத்து ஆமைகளே. அவை கூட்டங் கூட்டமாக நெருங்கிக் கிடக்குமாம். ஒருவன் தரையில் அடி வையாமலே அவற்றின் முதுகுகளின் மேல் நூறு அடிகளுக்கு மேல் நடந்து செல்லலாமாம். இதனைப் படித்த பிற்காலத்தார் சிலர், லெகா என்பவரே ஒரு கற்பனை என்று ஐயுற்றனர். ஆனால் குகைகளிலிருந்து தோண்டியெடுத்த எலும்புகள் பறவையைப் பற்றி அவர் எழுதியவற்றை மெய்ப்பித்தன. ஆமைகளிலும் இருவகை வாழ்ந்தன என்பது இப்போது தெளிவு. அவற்றுள் ஒரு வகை நீண்ட கழுத்தை உயர்த்தி, தரைக்கு மேல் எட்டிய இலைகளையும் மேயவல்லது.

இங்குச் சற்று நின்று ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆடு இல்லை, மாடு இல்லை, மான் இல்லை. தழை தின்னும் பெரிய விலங்கு ஆமை ஒன்றே. பல்லாயிரம் ஆண்டுகளாக அத்தீவின் செடிகள் தற்காத்துக்கொள்ள வேண்டியிருந்த முதன்மையான பகை அதுவே. முள் வேண்டுவதில்லை; உயரே செல்லும் வரை ஆமையின் கண்ணுக்குத் தப்பினாற் போதும்.

கஃபே மரோன் செடியில் அதற்குரிய அடையாளம் இன்றும் காணப்படுகிறது. முளைத்து வளரும் இளஞ்செடியின் இலை நீண்டு, ஒடுங்கி, கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். நடுநரம்பு மட்டும் இளஞ்சிவப்பாக ஓடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது உயிருள்ள இலையென்றே தோன்றாது. வாடிக் கிடக்கும் சருகு எனலாம். செடி உயர்ந்தபின் தோன்றும் இலையோ அகன்று, முட்டை வடிவாய்ப் பச்சைப் பசேலென்று பளபளக்கும். இரண்டையும் பறித்து அருகருகே வைத்தால், ஒரே செடியின் இலைகள் என்று எவரும் நம்பார். கீழே இருக்கும்வரை ஆமையை ஏமாற்றும் வேடம்; அதன் வாய் எட்டாத உயரத்துக்குப் போனபின் வேடம் களைதல். இவ்வாறே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இவ்வியல்பு அத்தீவுக் கூட்டத்தின் வேறு பல செடிகளிலும் காணப்படுவது அவர்தம் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தீவு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அக்காலத்தில் மொரீசியஸை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர்களுள் ஒருவர் லா பூர்தொனே. 1746 ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையைப் பிடித்து நம் வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றவர் இவரே. மொரீசியஸ் துறைமுகத்தில் தங்கும் கப்பல்களுக்கும் நோயாளிகளுக்கும் புதிய இறைச்சி தேவைப்பட்டது. ரொட்ரீகஸின் ஆமைகளைப் பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவிட்டால், தீனியும் நீருமின்றி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதனைவிட வசதியான சரக்கு மாலுமிகளுக்கு ஏது? ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றனர். வழியில் இறந்தவை வேறு.

1761 ஆம் ஆண்டில் பெங்ரே என்னும் பிரெஞ்சு வானூல் அறிஞர், சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து செல்வதைக் காண்பதற்காக ரொட்ரீகஸுக்கு வந்தார். அதே காட்சியைக் காண லெ ஜாந்தீ என்னும் மற்றோர் அறிஞர் நம் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டிருந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி நடுவழியில் கிடைத்தமையால் கரையிறங்காமலே ஆடும் கப்பலில் இருந்தபடி பார்க்க நேர்ந்தது அவருக்கு. பெங்ரேக்கும் மேகம் இடையூறு செய்தது. தீவில் தங்கிய மாதங்களில் தமக்குக் கிடைத்த உணவு பெரும்பாலும் ஆமையே என்று அவர் குறித்துள்ளார். அவர் வந்தபோது தனியன் பறவை கண்ணுக்கு அரிதாகிவிட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அப்பறவை அழிந்தது. ஆமைகளும் அதே நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மறைந்தன. லெகா இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் நூறாண்டுக்குச் சற்று மிகுதி, அவ்வளவே.

ஆமை போனது செடிக்கு நன்மைதானே என்று மாணவர் எவரேனும் கேட்கலாம். ஆமையின் இடத்துக்கு வந்தவை ஆடும் மாடும் பன்றியும் ஆயின. ஆமையின் பொருட்டு அணிந்த வேடம் ஆட்டிடம் பலித்ததாகத் தெரியவில்லை. மேய்ச்சல் நிலம் வேண்டிக் காட்டுக்குத் தீ வைத்தனர், சோளம் விதைக்கக் கொத்தினர், விறகுக்கு வெட்டினர். வெளியிலிருந்து வந்த செடிகள் வெறுமையான சரிவுகளில் விரைந்து பரவின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே, லெகா கண்ட காடு பெரும்பாலும் கதையாகிவிட்டது.

வெள்ளிக்கோள் 1874 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும் சூரியனைக் கடந்தது. இம்முறை பிரித்தானியர் வானூலாருடன் இயற்கை நூலாரையும் ரொட்ரீகஸுக்கு அனுப்பினர். செடிகளை ஆராயும் பணி ஐசக் பெய்லி பால்பர் என்னும் இளைஞருக்குக் கிட்டியது. அவருக்கு வயது இருபத்தொன்று. இன்று பல்கலைக் கழகப் படிப்பை முடித்து வெளிவரும் மாணவர் ஒருவரின் வயது. வானூலார் சில மணி நேரக் காட்சிக்காகக் காத்திருந்த காலத்தில், அவர் குன்றுகளிலும் ஓடைக்கரைகளிலும் அலைந்து, எஞ்சியிருந்த செடிகளைத் திரட்டினார். தீயும் ஆடும் செய்த அழிவையும் எழுதி வைத்தார். இருவகை இலையுடைய காப்பிக் குடும்பப் புதர் ஒன்றும் அவர் தொகுப்பில் இருந்தது. 1877 ஆம் ஆண்டில் அதனைப் பற்றி வெளியிட்டபோது, நம் மருக்காரையும் அந்நாளில் சேர்க்கப்பட்டிருந்த ராண்டியா என்னும் இனத்தில் அதனை வைத்தார். வேறுபட்ட இலைகளையுடையது என்னும் பொருளில் சிறப்புப் பெயரும் சூட்டினார். அவருடைய முழு ஆராய்ச்சியும் இரண்டாண்டுகள் கழித்து, படங்களோடு லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீடாக வந்தது.

அதன்பின் செடியைப் பற்றிப் பேச்சில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாவர நூலார் அதனை அழிந்துபட்டவற்றின் கணக்கில் சேர்த்துவிட்டனர். தீவில் குன்றொன்று விடாமல் தேடிவிட்டு எழுதிய கணக்கு அன்று அது. தொலைநாட்டில் உலர்ந்த மாதிரிகள் தாள்களுக்கிடையே இருந்தன. படம் நூலில் இருந்தது. உயிர்ச் செடி எங்கும் இல்லை என்று கொண்டனர். தாவர வரலாற்றில் ஓர் இனம் அழிந்தது என்று சொல்வது எளிது. அதனை மறுப்பதற்கு ஒரே ஒரு செடி போதும். ஆனால் அந்த ஒன்றைத் தேடுவார் வேண்டுமே!

தேடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 1980 ஆம் ஆண்டை ஒட்டி, ரொட்ரீகஸில் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்குத் தீவின் அரிய செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கஃபே மரோன் படத்தைக் காட்டி, இதுபோன்ற செடியை எங்கேனும் கண்டால் சொல்லுங்கள் என்றார். கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மாணவன் ஒருவன், தன் இருப்பிடத்தை அடுத்து அப்படி ஒன்று நிற்கிறது என்று கூறி, கிளையொன்றைக் கொண்டுவந்தான். பார்த்தால், படத்தில் உள்ளதே! சாலையோரத்தில், பூச்சியும் நோயும் அரித்து, ஆடு கடித்து மிஞ்சிய நிலையில் அச்செடி நின்றது. தீவெங்கும் தேடியும் இரண்டாவது செடி அகப்படவில்லை.

இனித்தான் தொல்லை தொடங்கியது. ஒரு செடிக்கு இவ்வளவு மதிப்பா என்று தீவு மக்கள் வியந்தனர். மதிப்பிருந்தால் மருந்தாகவும் இருக்கவேண்டும் அன்றோ? மதுவுண்டவரின் மறுநாள் தலைவலிக்கும் மேகநோய்க்கும் இது கைகண்ட மருந்து என்னும் நம்பிக்கை பரவியது. இலையையும் கிளையையும் ஒடிக்கலானார்கள். வேலி போட்டனர். வேலி போட்டபின் இன்னும் பெருமருந்து என்று தோன்றியது போலும். ஏறிக் குதித்துப் பறித்தனர். அதற்கு வெளியே முள்கம்பி வேலி; அதற்கும் அப்பால் மற்றொரு வேலி; காவலும் வைத்தனர். காப்பாற்றுவதற்கென்று செய்த விளம்பரமே கேடாய் முடிந்த நிலை இது. மக்களை நான் குறை கூறமாட்டேன். நோய்க்கு மருந்து தேடுவது மனித இயல்பு. செடி ஏன் காக்கப்படுகிறது என்று அவர்களிடம் முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால் வேலிகள் குறைந்திருக்கலாம்.

ஒற்றைச் செடியை நம்பியிருப்பது ஆபத்து. ஒரு புயல் அடித்தால் எல்லாம் முடிந்தது. அப்பகுதி புயலுக்குப் பேர்போனது. எனவே 1986 ஆம் ஆண்டில் சில போத்துக்களை வெட்டி, வாடாமல் பொதிந்து, விமானமேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினர். அவற்றுள் ஒன்று வேர்விட்டது. அந்த ஒன்றிலிருந்து மேலும் போத்துக்கள் எடுத்துப் பல செடிகளாக்கினர். கண்ணாடி வீட்டின் வெப்பத்தில் அவை செழித்தன. ஆண்டு முழுவதும் வெண்ணிறப் பூக்களைச் சொரிந்தன. ஆனால் ஒரு காய் கூடப் பிடிக்கவில்லை.

போத்து வைத்து வளர்த்தால் செடிகளின் எண்ணிக்கை பெருகுமேயன்றி, அவை அனைத்தும் ஒரே செடியே. பத்து இடத்தில் நின்றாலும் உடல் ஒன்று. தாய்க்கு உள்ள குறை ஒவ்வொன்றுக்கும் உண்டு. தாயைத் தாக்கும் நோய் ஒவ்வொன்றையும் தாக்கும். விதையிலிருந்து எழும் நாற்றுத்தான் புதிய பிறவி. விதை தராத செடியைக் கண்ணாடி வீட்டில் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், அந்த இனத்தை உயிருள்ளது என்று முழு மனத்துடன் சொல்ல முடியாது. அறிஞர்கள் இத்தகைய செடிகளை உயிரோடு உலவும் பிணம் என்று கூறுவதும் உண்டு. கடுஞ்சொல்தான், ஆயினும் நிலைமை அதுவே.

இக்குறையின் காரணத்தை மெல்ல மெல்ல அறிந்தனர். பூவின் நடுவே சூல்முடி என ஓர் உறுப்பு உண்டு. அதன்மேல் மகரந்தப் பொடி வீழ்ந்தால், பொடியிலிருந்து நுண்ணிய குழல் ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து, சூல்தண்டின் வழியே சூற்பையை அடையவேண்டும். கஃபே மரோனில் பொடி வீழ்ந்தாலும் குழல் உள்ளே இறங்கவில்லை, வாயிலிலேயே தடைப்பட்டது. காரணம், எஞ்சிய அவ்வொற்றைச் செடி ஆணின் தொழிலையே சிறப்பாகச் செய்யும் பூக்களையுடையது. அதற்கு இணையாக, பெண்ணின் தொழிலைச் செய்யும் பூக்களையுடைய செடி தீவில் எங்கோ, எப்போதோ, கடைசி முறையாகப் பூத்து மடிந்துவிட்டது.

கியூ தோட்டத்தில் பயிற்சிக்கு வந்த ஸ்பெயின் நாட்டுத் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா என்பவர் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். வாயிலில் தடையென்றால் வாயிலையே அகற்றுவது என்பது அவர் கொண்ட வழி. கூரிய கத்தியால் சூல்முடியின் நுனியைச் சீவி, வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்தார். ஒரு பூவிலா, இரண்டு பூவிலா? பூவுக்குப் பூ தளராமல் செய்து பார்த்தார். பெரும்பாலும் வீணாயிற்று. மிக வெப்பமான இடத்தில் நின்ற செடிகள் ஏனையவற்றினும் இணங்குவதையும் கண்டு, அதற்கேற்ப இடம் மாற்றினார். முடிவில் 2003 ஆம் ஆண்டில் காய் பிடித்தது, விதையும் கிடைத்தது. பதினேழு ஆண்டுகளாக மலடு என்று எண்ணியிருந்த செடியின் முதல் விதை!

விதைகளை முளைக்க வைத்தபோது, எழுந்த நாற்றுக்களில் இலைகள் நீண்டு ஒடுங்கிப் பழுப்பாய்த் தோன்றின. கியூவில் முதிர்ந்த கிளையின் போத்திலிருந்து வந்த செடிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதிய காட்சி. தன் இனம் அஞ்சிய ஆமை மறைந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், பிறநாட்டுக் கண்ணாடி வீட்டில், முளைக்கும்போதே அவ்வேடத்தை அணிந்துகொண்டது அச்செடி. லெகாவின் நூலை ஐயுற்றவர்கள் இவ்விலையைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

நாற்றுக்கள் வளர்ந்து பூத்தபோது மற்றொரு நன்மையும் விளைந்தது. அவற்றுட் சில, தாய்ச்செடியில் காணாத, பெண்தொழில் புரியும் பூக்களை ஈந்தன. கத்தியின் உதவியின்றி, ஒரு செடியின் மகரந்தம் மற்றொன்றின் சூலை அடைய வழி பிறந்தது. விதைகள் பெருகின. கியூவிலிருந்து விதைகளும் செடிகளும் கடல் கடந்து ரொட்ரீகஸுக்கே திரும்பிச் சென்றன. அங்குள்ள நாற்றங்காலில் அவற்றைப் பேணி வளர்க்கத் தலைப்பட்டனர்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று யாரும் கொள்ளவேண்டாம். எத்தனை நாற்று எழுந்தாலும் அவை யாவும் சாலையோரத்து ஒற்றைச் செடியின் வழித்தோன்றல்களே. ஒரே குடும்பத்துக்குள் மீண்டும் மீண்டும் மணம் முடித்தால் வருகின்ற நலிவு செடிகளுக்கும் உண்டு. ரொட்ரீகஸில் மிகச் சில மரங்களாய்க் குறைந்துவிட்ட இனங்கள் வேறு பலவும் உள்ளன. காடு இல்லாத தீவில் நாற்றை எங்கே நடுவது என்பதும் கேள்வியே. ஆகவே காப்பகங்களாகச் சில பகுதிகளை ஒதுக்கி, அயற்செடிகளைக் களைந்து, ஆடுகள் நுழையாதபடி வேலியிட்டு, தீவுக்கே உரிய மரங்களை நட்டு வருகின்றனர்.

அவற்றுள் தென்மேற்குக் கரையை ஒட்டிய ஒன்றுக்குப் பிரான்சுவா லெகாவின் பெயரையே இட்டிருக்கிறார்கள். 2007 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்காப்பகத்தில், குகைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்கில் உள்நாட்டுச் செடிகளை ஆயிரக்கணக்கில் நட்டனர். ரொட்ரீகஸின் ஆமைகள் மறைந்துவிட்டமையால், அவற்றுக்கு உறவான பெரு ஆமைகளைக் கொணர்ந்து அங்கு விட்டிருக்கின்றனர். இந்துமாக்கடலின் மற்றொரு மூலையிலுள்ள அல்டாப்ரா தீவின் இனத்தைச் சேர்ந்தவை அவை. இளஞ்செடிகளின் நடுவே அவை மெல்ல நகர்ந்து, கழுத்தை நீட்டி மேய்கின்றன.